படத்தில் அவள் என்ன செய்தாள்

என் வயதொத்த பெண்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். மற்றவர்களுக்கு என்றால் தரை டிக்கெட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் அவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். போன வாரம் மகள் வீட்டில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி புருஷனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போகிறாள். பேத்தி கை தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்த்து, உங்கள் காலத்துப் படங்களில் பெண்கள் அழுதுகொண்டே இருப்பார்களாமே என்று கேட்டாள். ஆமாம், அழுதார்கள் என்றேன். நாமும் கூடவே உட்கார்ந்து அழுதோம். ஆனால் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பத்து வயது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் நுழைந்தாலே தறிச் சத்தம் காதை அடைக்கும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாலு விசைத்தறி ஓடியது. பேசிக்கொள்ள வேண்டுமானால் முன்கூடத்துக்கு வர வேண்டும். அங்கேதான் பெண்கள் ராட்டு சுற்றுவார்கள். தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. அம்மா, அத்தை, தெருவிலிருந்து வரும் மூன்று பெண்கள், ஆக ஐந்து ராட்டு. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும். சாயம் போட்ட நூல் என்றால் விரல்கள் ஒரு வாரத்துக்குச் சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் கையைப் பார்த்தே எங்கள் வீட்டில் என்ன கலர் சேலை ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அத்தை என்பது அப்பாவின் தங்கை. கல்யாணமாகி எட்டு மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டதில்லை. நாங்கள் உள்ளே வந்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த முன்கூடத்தில் சினிமாவுக்குப் போக அனுமதி இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். அம்மாவுக்கு வீட்டு வேலை ஓயாது. தெருப் பெண்களில் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் போகக் கூடாது. இன்னொருத்திக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது, அவளும் போகக் கூடாது. அத்தை விஷயத்தில், இனிக் கெட்டுப் போக அவளிடம் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு பொம்பளை தனியாகப் போகலாமா? துணைக்கு நான். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பத்து வயதுப் பிள்ளை துணை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை மத்தியானம் தியேட்டரில் சாமிப் பாட்டு ரெக்கார்டு போட்டதும் கிளம்புவோம். பெண்கள் கவுண்டர் தனி, உள்ளே பெண்கள் பக்கம் தனி, நடுவில் இடுப்பளவுச் சுவர். உங்களுக்குத் தெரியும். தகர டப்பாவில் வறுத்த நிலக்கடலை கொண்டுபோவாள் அத்தை. இடைவேளையில் பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்குவாள். அந்தப் புத்தகங்களையெல்லாம் ஒரு சாயநூல் கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். அந்தக் கட்டு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. வீட்டை இடித்துக் கட்டியபோது பழைய பேப்பரோடு போயிருக்கும்.

திங்கள்கிழமை ராட்டு சுற்றும்போது அத்தை படத்தைச் சொல்லத் தொடங்குவாள். டைட்டிலில் தாமரைப் பூ விரிவதிலிருந்து சொல்லுவாள். ஒரே ஒரு சட்டம் உண்டு: ராட்டு நிற்கக் கூடாது. யாராவது அழுது கண்ணைத் துடைப்பதற்காகச் சக்கரத்தை விட்டால் அத்தை வாயை மூடிக்கொள்வாள். எல்லாச் சக்கரமும் மறுபடி ஓடிய பிறகுதான் கதாநாயகி மறுபடி நடப்பாள். ஒரு படம் மூன்று நாளைக்கு வரும். அந்த மூன்று நாளும் குச்சிகள் கூடை கூடையாக நிறையும். அப்பா சினிமா பார்க்காதவர், சினிமா என்றாலே முகம் சுளிப்பவர், ஆனாலும் அத்தை கதை சொல்வதை அவர் ஒருநாளும் தடுக்காததற்குக் காரணம் அதுதான்.

அவள் படத்தை மாற்றிச் சொல்லுகிறாள் என்பதை நான் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். முதலில் சின்னச் சின்ன மாற்றங்கள். படத்தில் மாமியார் சூடு வைக்கும்போது பேசாமல் நிற்கிற மருமகள், அத்தை சொல்லும்போது கரண்டியைப் பிடுங்கி எறிவாள். படத்தில் வெள்ளைச் சேலையோடு இருமி இருமிச் செத்துப்போகிறவள், அத்தை வாயில் பிழைத்துக்கொள்வாள். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், அப்படி வரலையே என்று ஆரம்பித்தேன். ராட்டுக்கு அடியில் கையை விட்டு என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு கிணற்றடியில் வைத்துத்தான் சொன்னாள்: "அங்கன படம் எடுத்தவன் ஆம்பள. இங்கன சொல்லுதவ நான். நீ வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?" எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு படமும் தெரிந்தவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான் என்ற மிதப்பு.

அந்த வருஷம் ஆடிக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தை மாதம் கடையநல்லூர்ப் பக்கம் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புதுப்பெண்ணை ஆடியில் அழைத்து வந்து வைத்துக்கொள்வது வழக்கம்தானே, அப்படி வந்தாள். வந்த அன்றே பார்த்தேன், இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். என்ன என்று கேட்டதற்குக் குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்றாள். அம்மா அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அதற்குப் பிறகு அந்தக் காதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அக்காவைத் தினமும் கோவிலுக்குக் கூட்டிப்போய், வேண்டுதலுக்குப் பிரகாரத்தை வலம் வரும் ஆடிச்சுற்றுச் சுற்ற வைத்தாள் அம்மா. மாப்பிள்ளைக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று. அவருடைய கை அடங்க அக்கா நடந்தாள், உள்ளங்காலில் கொப்புளம் வரும்வரை.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் ஒரு படத்துக்குப் போனோம். ஊரில் கால் வைக்க இடமில்லை. விவசாயிகள் அம்மனுக்கு நேர்ந்து சூறையாக வீசிய மிளகாய் வத்தலும் பருத்தியும் ரதவீதியில் மிதிபட்டுக் கிடந்தன, நெடி ஏறித் தும்மிக்கொண்டே நடந்தோம். கூட்டத்துக்காகத் தியேட்டரில் கூடுதல் காட்சி போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் முழுக்கச் சுற்றுக் கிராமத்துக்காரிகள், மடியில் பொரியும் பிள்ளைகளுமாக.

படம் இதுதான். குடிகாரப் புருஷன் பெண்டாட்டியை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு பிள்ளையை வளர்க்கிறாள். கடைசியில் எல்லாம் இழந்து அவன் வாசலில் வந்து நிற்கிறான். பின்னாலேயே அவனைக் குத்த ஒருவன் கத்தியோடு வருகிறான். அவள் குறுக்கே விழுந்து குத்து வாங்கி, புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு, பூவோடும் பொட்டோடும் போகிறேன் என்று சிரித்தபடியே சாகிறாள். தியேட்டரே விம்மியது. என் பக்கத்தில் இருந்த அம்மாள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் தேம்பினேன். அத்தை மட்டும் திரையைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு கடலை மென்றாள்.

அதை அவள் சொன்னபோது அம்மாவின் ராட்டில் அக்கா இருந்தாள். வலது காது அத்தை பக்கம் வரும்படி மணையை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் கடைசிக் கட்டம் வந்தது. புருஷன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். எழுந்து வருகிறாள். "இங்கன உங்களுக்கு யாரும் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். திரும்பிப் போய் உட்கார்ந்து மிஷினை மிதிக்கிறாள். அந்தச் சத்தத்தோடு சுபம். கத்தியும் கிடையாது, காலும் கிடையாது.

ஐந்து ராட்டும் நின்றுவிட்டன. அன்றைக்கு அத்தை யாரையும் அதட்டவில்லை.

அக்காதான் கேட்டாள், அதற்கப்புறம் அவள் எப்படி இருந்தாள் என்று. நன்றாக இருந்தாள், நாலு பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாள் என்றாள் அத்தை. மறுநாள் அக்கா அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி கேட்டாள். அதற்கு மறுநாளும். பிறகு எதிர்வீட்டுத் தையல் மிஷினில் போய் உட்கார ஆரம்பித்தாள். ஆடி முடிவதற்குள் எனக்கு ஒரு பாவாடையும் அம்மாவுக்கு ஒரு ஜாக்கெட்டும் தைத்துவிட்டாள். ஜாக்கெட்டின் ஒரு கை மற்றதைவிட ஒரு விரல் கூடுதல். அம்மா அதைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். அக்கா சிரித்த அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அவருடைய அண்ணனும் அக்காவை அழைத்துப் போக வந்தார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று காலையில் அப்பா அம்மாவிடம், இன்னும் ஒரு மாதம் பிள்ளை இருக்கட்டும், காதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னதை நான் கேட்டேன். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மனசும் இளகியிருந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்ற நிலையில்தான் அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் அண்ணன் நல்ல நேரத்தைச் சொல்லிக் கிளம்பச் சொன்னார். அடுக்களை வாசலில் நின்றபடி அக்கா, "நான் வரலப்பா" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை. இங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அக்கா நிதானமாகப் பதில் சொன்னாள். தையல் கற்றுக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தான் சொல்வது நடக்கக் கூடியது என்று அப்பாவுக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நம் தெருவில், நம் ஊரில், நம் சொந்தத்தில் அப்படி ஒருத்தி இல்லை. ஆகவே அவள் படத்தில் இருந்தவளைச் சொன்னாள். தபசுக்கு வந்த படத்தில் அந்தப் பெண் அப்படித்தானே கதவைச் சாத்தினாள், ஊர் முழுக்கப் பார்த்ததுதானே, யாரும் அவளைத் தப்பாகச் சொல்லவில்லையே என்றாள்.

அத்தான் சத்தமாகச் சிரித்தார். "அந்தப் படமா? நான் ரெண்டு தடவ பாத்தாச்சு மாமா. அவ புருஷன் காலப் புடிச்சுக்கிட்டுல்லா சாவா."

அக்கா அவரை நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அத்தையைப் பார்த்தாள். அப்பாவும் அத்தையைப் பார்த்தார். அத்தை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ஆமாண்ணே. கதவச் சாத்திருவா. நான் பாத்தேன்லா" என்றாள். என் அத்தை தன் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நீ கூடப் போனேல்லா. படத்துல என்ன வந்துச்சு? உள்ளதச் சொல்லு."

அத்தை என்னைப் பார்த்தாள். அக்கா தலையைத் திருப்பி நல்ல காதை என் பக்கம் வைத்தாள். எனக்கு விஷயம் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாதிக்கு மேல் புரிந்தது. ஆனால் ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் அப்பா என்னை ஓர் ஆளாக மதித்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் சொன்னேன். வெறுமே சொல்லவில்லை, நடித்தே காட்டினேன். குத்து வாங்கினேன், தரையில் விழுந்தேன், அப்பாவின் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு பூவோடும் பொட்டோடும் போகிறேன் என்று தலையைச் சாய்த்தேன். அத்தானின் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிக்கிறார்களே என்று நான் இன்னொரு தடவை செத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் சினிமாவைப் பற்றிப் பேச்சு நடந்தது. சினிமா பெண்பிள்ளைகளை எப்படிக் கெடுக்கிறது, வாழாமல் வந்தவளை வீட்டில் வைத்திருந்தால் மற்றவளுக்கு என்ன புத்தி வரும், இதெல்லாம். அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவர் தங்கை பொய்க்காரி ஆகிவிட்டாள், மகள் புத்தி பேதலித்த கோட்டிக்காரி ஆகிவிட்டாள். காதைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் அப்படி முடிந்தால் என்ன, இப்படி முடிந்தால் என்ன, காதில் சீழ் வடிகிறதே என்று கேட்க அங்கே ஓர் ஆண்பிள்ளை இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. அம்மாவை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பத்து வயதுக்காரியைக்கூட மன்னிக்க முடியவில்லை. உள்ளதைச் சொல்வது நல்லது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், எந்த இடத்தில் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

மூன்று மணி பஸ்ஸில் அக்கா போனாள். பெட்டியை அத்தான் தூக்கிக்கொண்டார். அதைப் பார்த்து அம்மா, மாப்பிள்ளை மாறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள். அக்கா என்னைத் திட்டவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் பாவாடை இடுப்பில் பிரிந்திருந்த தையலைத் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அத்தையும் என்னைத் திட்டவில்லை. சில நாள் கழித்து, அப்பா தடை போட்டதெல்லாம் தளர்ந்த பிறகு, எப்போதாவது படத்துக்குப் போனாள். வேறு பிள்ளைகளைத் துணைக்குக் கூட்டிப்போனாள். ராட்டில் இருப்பவர்கள் கதை கேட்டால், பாட்டு நன்றாயிருந்தது என்பாள். கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்டால், எனக்குக் கண் அசந்துவிட்டது என்பாள். ராட்டுகள் சும்மா சுற்றின.

அக்கா செத்துப்போனாள் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இல்லை. படத்தில்தான் அப்படிச் சட்டென்று சாவார்கள். அவள் இருந்தாள், மூன்று பிள்ளை பெற்றாள், வருஷத்துக்கு ஒரு தடவை தபசுக்கு வந்தாள். தையல் மிஷினைப் பற்றி மறுபடி பேச்சு எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மெலிந்திருந்தாள். எந்த வருஷம் என்று எனக்கு நினைவில்லை, ஒரு தபசுக்கு அவள் வந்தபோது எந்தக் காதைத் திருப்புவது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் போய்விட்டது.

அதற்குள் படங்கள் மாறிவிட்டன. நீங்களும் பார்த்தீர்கள். எண்பதுகளில் கதாநாயகி காட்டன் சேலை கட்டினாள், தோளில் பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், புருஷனிடம் எதிர்த்து நியாயம் கேட்டாள். சில படங்களில் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள். அதே வருஷங்களில் அதே சுவர்களில் தொடை தெரியும் போஸ்டர்களும் ஒட்டினார்கள் என்பது வேறு விஷயம். பத்திரிகைகளில் இதையெல்லாம் பெரிய மாற்றம் என்று எழுதினார்கள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன், அதையெல்லாம் படித்தேன். எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷம் முந்தி ஒருத்தன் இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் என் அத்தை பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது. நான் அந்தப் படத்தை நடித்துக் காட்டியிருப்பேன்.

எங்கள் வீட்டில் டிவி வாங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் மாடியில் படுத்திருந்தார். முன்கூடத்தில் நானும் அக்காவும் மட்டும். ராட்டுகள் போய் அங்கே சோபா வந்திருந்தது. அப்படி ஒரு படம் ஓடியது. கடைசிக் கட்டத்தில் கதாநாயகி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே புருஷனிடம் பேசுகிறாள். நீளமான பேச்சு. அக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைத் தொட்டு, "என்னட்டி சொல்லுதா?" என்று கேட்டாள்.

அவள் காதோரம் வாயை வைத்துக் கத்தினேன். மாடியில் கேட்டாலும் கேட்கட்டும் என்று கத்தினேன். "வீட்ட விட்டுப் போறேன்னு சொல்லுதா அக்கா. இனி வரமாட்டாளாம். தனியா இருந்துக்கிடுவாளாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளையைத் தட்டிக் கொடுப்பதுபோல் என் முழங்காலில் தட்டினாள்.

"எனக்காக நீ ஒண்ணும் மாத்திச் சொல்லாண்டாம்ட்டி. அத்தையும் இப்படித்தான் சொன்னா. கடைசில வந்துருவா. வராம எங்க போவா?"

நான் இல்லை, நிஜம், நிஜம் என்று சொன்னேன். கையை ஆட்டினேன். சத்தியம் செய்தேன். பொறுத்துப் பார், இன்னும் ஐந்து நிமிஷம்தான் என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அத்தான் எழுந்திருக்கும் நேரம், எழுந்ததும் அவருக்குக் காப்பி வேண்டும். என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

நான் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.